தாலுகா ஆபீஸ் இன்ஃப்ளுயன்ஸும் இங்கிலீஷ் இன்ஃப்ளுயன்ஸும்

தம்பி கேட்டிருப்பது இதுதான்: 'இன்ஃப்ளுயன்ஸ்' என்ற இங்கிலீஷ் வார்த்தையை அன்றாடப் பேச்சில் எப்படிப் பயன்படுத்துவது, பத்து வாக்கியம் எழுதித் தாருங்கள். ஆனால் கேள்விக்குக் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ஒரு இன்டர்வியூவில், வாழ்க்கையில் உங்களை அதிகம் இன்ஃப்ளுயன்ஸ் செய்தது யார் என்று கேட்டார்கள், 'மை ஃபாதர் இன்ஃப்ளுயன்ஸ்டு டு மீ' என்றேன், எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே அந்த 'டு' வேண்டாம் என்றார், ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை, என்று. பத்து வாக்கியம் எந்த டிக்‌ஷனரியைப் புரட்டினாலும் கிடைக்கும். அதை மனப்பாடம் செய்துகொண்டு போனால் பதினோராவது வாக்கியத்தில் பழைய 'டு' திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் எதைப் போடலாம் எதைப் போடக்கூடாது, நாம் தமிழில் நாள் முழுக்கச் சொல்கிற இன்ஃப்ளுயன்ஸும் இங்கிலீஷ்காரர்கள் சொல்கிற இன்ஃப்ளுயன்ஸும் ஒன்றுதானா, இதுதான் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்தவன். ரிட்டயர் ஆன பிறகு வீட்டு மாடியில் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி என்று பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள்தான் அதிகம். அறிவில் குறைச்சல் இல்லாத பிள்ளைகள், ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்குவார்கள். இந்த வார்த்தையும் அப்படி வழுக்குகிற இடம்தான்.

முதல் காரணம், இது நமக்குப் புது வார்த்தை இல்லை. 'அண்ணாச்சிக்கு தாலுகா ஆபீஸ்ல நல்ல இன்புளுயன்சு உண்டுல்லா' என்று பள்ளிக்கூடம் போகாத ஆச்சி கூடச் சொல்லுவாள். பட்டா மாறுதல் ஆறு மாசமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது, ஒருத்தர் போய் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் நடக்கிறது, அதற்குப் பெயர் நம் ஊரில் இன்ஃப்ளுயன்ஸ். அதாவது சிபாரிசு, ஆள் பலம். இங்கிலீஷில் இந்த அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏழெட்டு அறை உள்ள வீடு இருக்கிறது என்று வையுங்கள், நாம் திண்ணையோடு நின்றுவிட்டோம். உள்ளே போகும்போதும் அந்தத் திண்ணை வாக்கியத்தையே தூக்கிக்கொண்டு போகிறோம்.

திண்ணையிலிருந்தே தொடங்குகிறேன், அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இடம் என்பதால். இந்த அர்த்தத்துக்குத் தமிழில் அழகான சொல் உண்டு, செல்வாக்கு. பிரித்துப் பாருங்கள், செல் வாக்கு, செல்லுகிற வாக்கு. செல்லாக் காசு என்கிறோமே, அதற்கு நேர் எதிர். ஒருத்தர் சொன்ன சொல் இன்னொருத்தரிடம் செல்லுபடியாகிறது, அவ்வளவுதான். இந்தப் பொருளில் தமிழில் 'கலெக்டரிடம் செல்வாக்கு உண்டு' என்று 'இடம்' போடுவோம். இங்கிலீஷில் அங்கே 'வித்' வரும். 'ஹி ஹேஸ் இன்ஃப்ளுயன்ஸ் வித் த கலெக்டர்.' ஆளுக்குப் பதில் ஆபீஸ் என்றால் 'இன்', நாம் 'தாலுகா ஆபீஸ்ல' என்பது போலவே. தன் செல்வாக்கை வைத்து மருமகனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார் என்று சொல்ல, 'ஹி யூஸ்டு ஹிஸ் இன்ஃப்ளுயன்ஸ் டு கெட் ஹிஸ் சன்-இன்-லா எ ஜாப்.' இது நல்ல இங்கிலீஷ், எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் ஒன்று, வீட்டில், டீக்கடையில் பேசுகிற இங்கிலீஷில் இந்த விஷயத்துக்கு இன்ஃப்ளுயன்ஸ் என்ற சொல்லே அவ்வளவாக வராது. 'ஹி நோஸ் பீப்பிள்' என்று முடித்துவிடுவார்கள். நம் ஊரில் 'அவருக்கு ஆள் தெரியும்டே' என்பதும் அதேதான், ஒரு எழுத்து கூட மாறவில்லை, எனக்கு இது எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

இப்போது உங்கள் 'டு மீ'. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வருஷத்துக்கு நாற்பது பேரிடம் இதைக் கேட்கிறேன். மனசுக்குள் 'அப்பாதான் எனக்கு இன்ஃப்ளுயன்ஸ்' என்று ஒரு தமிழ் வாக்கியம் ஓடுகிறது, அந்த 'எனக்கு' இங்கிலீஷில் 'டு மீ' ஆகிவிடுகிறது. இன்னும் சிலருக்கு 'அப்பா என் மேல் தாக்கம் ஏற்படுத்தினார்' என்று ஓடும், அவர்கள் 'இன்ஃப்ளுயன்ஸ்டு ஆன் மீ' என்பார்கள். இரண்டும் தப்பு. இந்தச் சொல் வினையாக வரும்போது அதற்குப் பின்னால் 'டு', 'ஆன்' மாதிரி எதுவும் வராது, ஆள் நேராக வந்து நிற்க வேண்டும். 'மை ஃபாதர் இன்ஃப்ளுயன்ஸ்டு மீ.' தமிழில் இதற்கு இரண்டாம் வேற்றுமை, 'ஐ' உருபு. அப்பா என்னை அடித்தார் என்பதற்கு 'பீட் டு மீ' என்று யாரும் சொல்வதில்லையே, 'என்னை' என்று வருகிற இடம் அது. அப்பா என்னை வளர்த்தார், அப்பா என்னை மாற்றினார், அந்த வரிசையில் இதையும் வைத்துவிடுங்கள். வகுப்பில் நான் சொல்வது இதுதான்: வினையா, 'என்னை' என்று நினை, 'டு'வும் வராது 'ஆன்'னும் வராது.

பெயர்ச்சொல்லாக வரும்போதுதான் 'மேல்' வருகிறது. 'மை ஃபாதர் ஹேட் எ பிக் இன்ஃப்ளுயன்ஸ் ஆன் மீ.' இது சரி. உங்கள் இன்டர்வியூவில் இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் சரிதான். இரண்டையும் பாதிப் பாதி ஒட்டியதுதான் பிரச்சினை.

இந்த 'மேல்' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு ஒரே 'மேல்', அவர்களுக்கு 'ஆன்' என்றும் 'ஓவர்' என்றும் இரண்டு. ஒருவரால் இன்னொருவரிடம் ஒரு மாற்றம் உண்டாகியிருக்கிறது, நடந்ததைச் சொல்கிறோம் என்றால் 'ஆன்'. ஒருவருக்கு இன்னொருவர் மேல் பிடி இருக்கிறது, சொன்னால் கேட்பான், தட்ட மாட்டான் என்றால் 'ஓவர்'. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார், மூன்று தம்பிகளும் அவர் கண்ணைப் பார்த்துத்தான் எழுந்து நிற்பார்கள். சொத்துப் பாகப்பிரிவினை அன்று வக்கீல் பேசிக்கொண்டே இருக்கிறார், தம்பிகள் மூவரும் அண்ணன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு 'சரி' என்று தலையை ஆட்டியதும் மூவரும் பேனாவை எடுத்தார்கள். அதுதான் 'இன்ஃப்ளுயன்ஸ் ஓவர் ஹிஸ் பிரதர்ஸ்'. அந்தத் தம்பிகளில் ஒருவர் அண்ணனைப் பார்த்துப் பார்த்து, அவர் மாதிரியே வெற்றிலையை மடிக்கவும் அவர் மாதிரியே இழுத்து இழுத்துப் பேசவும் பழகிப்போனார். அது 'இன்ஃப்ளுயன்ஸ் ஆன்'. வினையை எப்படிப் போடுவது என்று மேலே சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இந்த 'ஆன்', 'ஓவர்' விஷயத்தில் அவ்வளவு கறாராக இருக்க முடியாது. அரசாங்கம், விலைவாசி, கொள்கை என்று பேசும்போது நல்ல பத்திரிகைகளே இரண்டையும் எழுதுகின்றன. ஆக உங்களுக்குச் சந்தேகம் வந்தால் 'ஆன்' போடுங்கள். பத்துக்கு எட்டு முறை அது சரியாக இருக்கும், மீதி இரண்டு முறை யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அடுத்து, ஒரு ஆளையே இன்ஃப்ளுயன்ஸ் என்று சொல்வது. இது இங்கிலீஷில் தினசரிப் பேச்சு, நம் பிள்ளைகள் வாயில் வரவே வராது. 'தட் பாய் இஸ் எ பேட் இன்ஃப்ளுயன்ஸ் ஆன் மை சன்.' அந்தப் பையனிடம் இன்ஃப்ளுயன்ஸ் இருக்கிறது என்று இல்லை, அந்தப் பையனே இன்ஃப்ளுயன்ஸ். தமிழில் இதை எப்படிச் சொல்வோம்? 'அவன் சேர்க்கை சரியில்ல', 'அந்தப் பய சகவாசத்தாலதான் இவன் கெட்டான்'. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் வந்து என்னிடம் அழுதது எல்லாம் இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் (அவர் பையனால்தான் மற்றவன் கெட்டான் என்று மற்றவனுடைய அப்பா முந்தின நாள்தான் வந்து அழுதுவிட்டுப் போயிருப்பார்). சேர்க்கை, சகவாசம் என்ற சொல் மனசில் வந்தால் இந்த அமைப்புக்குப் போங்கள், முன்னால் 'எ' போட மறக்காதீர்கள். செல்வாக்கு உண்டு என்று மொட்டையாகச் சொல்லும்போது 'எ' கிடையாது, 'ஹி ஹேஸ் இன்ஃப்ளுயன்ஸ்'. நல்ல, கெட்ட, பெரிய என்று அடைமொழி சேர்ந்தால் பெரும்பாலும் 'எ' வந்துவிடும்.

தமிழில் பாதிப்பு என்று ஒரே சொல்லில் சொல்கிற எல்லாவற்றையும் இன்ஃப்ளுயன்ஸ் என்று போடக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், தாமிரபரணி இரண்டு பக்கமும் ஏறி ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. அடுத்த மாசம் வகுப்பில், அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் வெள்ளத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். முதல் வரி: 'த ஃப்ளட் இன்ஃப்ளுயன்ஸ்டு அவர் ஹவுஸ்.' வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றவனிடம் இலக்கணம் பேச எனக்கு வாய் வரவில்லை, இருந்தாலும் சிவப்பு மையில் 'அஃபெக்டட்' என்று திருத்தினேன். வெள்ளம், நோய், விலையேற்றம் வந்து நேராக அடிக்கிறது, சேதம் செய்கிறது என்றால் 'அஃபெக்ட்'. இன்ஃப்ளுயன்ஸ் அப்படி அடிப்பதில்லை, ஒருவர் எப்படி யோசிக்கிறார், எதைத் தேர்ந்தெடுக்கிறார், ஒரு காரியம் எந்தப் பக்கம் போகிறது என்பதை மெல்லத் திருப்புகிறது. மழை வெள்ளமாக வந்தால் 'அஃபெக்ட்'. அதே மழை, பிசான நடவை, அதாவது எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் தொடங்குகிற நெல் போகத்தின் நடவை, முந்திப் போடலாமா பிந்திப் போடலாமா என்று விவசாயியை முடிவெடுக்க வைத்தால் 'இன்ஃப்ளுயன்ஸ்'.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லின் மூலமே 'உள்ளே பாய்வது' என்பதுதான். லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்குள் வந்தபோது அது ஜோசியக்காரர்கள் சொல். நட்சத்திரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒன்று மனிதர்களுக்குள் பாய்ந்து அவர்கள் விதியைத் திருப்புகிறது என்று நம்பினார்கள், அந்தப் பாய்ச்சலுக்குப் பெயர் இன்ஃப்ளுயன்ஸ். நமக்கு இதைப் புரிய வைக்கச் சிரமமே இல்லை. பாபநாசத்தில் ஆரம்பித்து சேர்ந்தபூமங்கலம் வரை தாமிரபரணிக் கரையில் நவகைலாசம் என்கிற ஒன்பது சிவன் கோயிலுக்கும் ஒவ்வொரு கிரகம் வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் நாம். சனி பார்க்கிறான், குரு பார்க்கிறான் என்கிறோமே, அந்தப் 'பார்வை'தான் அவர்களுடைய பழைய இன்ஃப்ளுயன்ஸ். சனி வந்து யாரையும் கன்னத்தில் அறைவதில்லை, எங்கோ இருந்து பார்க்கிறான், இங்கே காரியம் கோணுகிறது. சொல்லுக்குள் இன்றைக்கும் அந்த மறைமுகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரகக் கோளாறால்தான் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் காய்ச்சலில் படுக்கிறது என்று இத்தாலிக்காரர்கள் நினைத்ததால் அந்தக் காய்ச்சலுக்கும் அவர்கள் பாஷையில் இதே பெயர், இன்ஃப்ளுயன்ஸா. 1743-இல் அங்கே பரவியபோது அந்தப் பெயர் இங்கிலீஷுக்கும் தொற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் போய் எனக்கு இன்ஃப்ளுயன்ஸ் என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும், டாக்டர் பயந்துபோய் எந்த மந்திரி என்று கேட்டாராம். இது அவர் சொன்ன கதை, அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

ஒரு ஆபத்தான இடம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 'அண்டர் த இன்ஃப்ளுயன்ஸ்' என்று சொல்லி நிறுத்திவிட்டால், குடித்திருக்கிறார் என்று அர்த்தம். வகுப்பில் ஒரு பையனிடம் முதல் வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன், 'ஐ காட் த ஜாப் அண்டர் இன்ஃப்ளுயன்ஸ் சார்' என்றான். மாமா சிபாரிசில் கிடைத்தது என்று சொல்ல வந்தான். கேட்கிறவர் காதில் குடித்துவிட்டுப் போய் வேலை வாங்கினான் என்று விழும். சரி, மாமா சிபாரிசு என்று விழுந்தாலும் இன்டர்வியூவில் பெரிய லாபமில்லை, அது வேறு. 'த்ரூ மை அங்கிள்ஸ் இன்ஃப்ளுயன்ஸ்' என்பதுதான் அவன் சொல்ல வேண்டியது. எதன் போதையில் என்பதை 'ஆஃப்' போட்டுச் சொல்லலாம், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் போதை மருந்தைப் பற்றி இந்தத் தொடர்தான் வருகிறது. கோபத்தின் பிடியில், நண்பர்களின் பிடியில் என்பதற்கும் இது பொருந்தும், ஆனால் 'ஆஃப்' போட்டு எதன் பிடி என்று கட்டாயம் சொல்ல வேண்டும்.

சட்டம் என்றதும் இன்னொன்று. பத்திரம் எழுதுகிற இடத்தில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். என் அத்தை உயில் எழுதிய அன்று சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருந்த எழுத்தர் சத்தமாகப் படித்துக் காட்டினார்: 'நான் என் சுயநினைவுடனும் மனப்பூர்வமாகவும், பிறர் தூண்டுதலோ கட்டாயமோ இல்லாமலும் எழுதி வைக்கிறேன்.' அத்தை உடனே 'தூண்டுதல் இல்லாம எப்படி, நீதானப்பா காலைல இருந்து கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடுன்னு சொல்லுத' என்றாள். அந்தத் 'தூண்டுதல்'தான் இங்கிலீஷ் பத்திரத்தில் 'அண்ட்யூ இன்ஃப்ளுயன்ஸ்'. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இதற்கு விளக்கம் தருகிறது. ஒருவருடைய மனசை ஆட்டிவைக்கக்கூடிய நிலையில் இருக்கிற இன்னொருவர், அந்த நிலையைப் பயன்படுத்தி நியாயமில்லாத லாபம் அடைவது. மேலே 'ஓவர்' என்று சொன்னேனே, அந்தப் பிடி எல்லை மீறினால் இது. நான் வாத்தியார், வக்கீல் இல்லை. சொல்லின் அர்த்தம் வரைக்கும்தான் என் பேச்சு, பத்திரத்தில் சிக்கல் என்றால் வக்கீலைப் பாருங்கள்.

செயப்பாட்டு வினை சுலபம், 'பை' போட்டால் முடிந்தது. பாரதி எட்டயபுரத்துக்காரர், திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர், இங்கிலீஷ் கவிஞர் ஷெல்லி மேல் உள்ள பிடிப்பில் ஷெல்லிதாசன் என்று புனைபெயரே வைத்துக்கொண்டவர். 'பாரதி வாஸ் இன்ஃப்ளுயன்ஸ்டு பை ஷெல்லி.' இதில் நம் பிள்ளைகள் தப்புச் செய்து நான் பார்த்ததே இல்லை.

ஒருவரை ஒன்றைச் செய்ய வைத்தார் என்பதற்கு 'ஹி இன்ஃப்ளுயன்ஸ்டு மீ டு ஜாயின் த ஆர்மி' என்று சொல்லலாம், இலக்கணத்தில் குற்றமில்லை. ஆனால் பேச்சில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், மாமா என்னைப் பேசிப் பேசிச் சேரவைத்தார் என்பதற்கு 'மை அங்கிள் டாக்டு மீ இன்டு இட்' என்பதுதான் இயல்பு. அன்றாடப் பேச்சில் எப்படிப் பயன்படுத்துவது என்று நீங்கள் கேட்டதற்கு என் நேர்மையான பதிலில் ஒரு பாதி இதுதான். பல இடத்தில் அந்தச் சொல்லை விட்டுவிடுவதே நல்ல இங்கிலீஷ்.

உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில், 'இன்' என்பதில். வினையானாலும் பெயரானாலும் அங்கேதான். நாம் 'ப்ளூ'வில் அழுத்திவிடுகிறோம், நானே சர்வீஸில் சேர்ந்து பத்து வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு தலைமை ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டுத் திருத்தினார். மற்றபடி என் காது பாளையங்கோட்டைக் காது. லண்டனிலோ நியூயார்க்கிலோ இன்றைக்கு இருபது வயசுப் பிள்ளைகள் இதை எப்படி வளைத்துப் பேசுகிறார்கள் என்பதற்கு நான் சரியான ஆள் இல்லை.

பத்து வாக்கியம் கேட்டீர்கள், மேலே எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய பத்து வந்திருக்கும். அதை எழுதி எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டைப் பற்றி மூன்று வாக்கியம், ஒன்றில் 'என்னை', ஒன்றில் 'மேல்', ஒன்றில் 'சேர்க்கை' வருகிற மாதிரி முதலில் தமிழில் எழுதி, பக்கத்திலேயே இங்கிலீஷில் எழுதி, இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பு, அதற்கு முன்னால் பார்த்துத் திருத்திவிடுகிறேன்.